தப்பிப் பிழைத்த பட்டணம்

சென்ற வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றி நாம் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரம் 1945-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் குண்டு வீச்சினால் எரிந்து சாம்பலான கதை வந்தது. வகுப்பு மௌனமாகக் கேட்டது. இந்தத் துயரக் கதையோடு மணி அடித்துவிடக் கூடாதே என்று, நம்மிடமிருந்த ஒரு படத்தை எடுத்துக் காட்டினோம். டிரெஸ்டனிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் கெர்லிட்ஸ் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. நானூறு ஐந்நூறு வருஷத்து மாளிகைகளும், கோபுரங்களும், ஆற்றங்கரை மாதாகோவிலும் இன்று கட்டியவைபோல் நிற்கும் படம் அது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், பக்கத்து ஊர் அப்படியே எரிந்து போயிற்று என்கிறீர்கள். இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பித்தது?" என்று கேட்டான்.

"அதிர்ஷ்டம், அப்பா!" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

உபாத்தியாயர்கள் 'அதிர்ஷ்டம்' என்னும் பதத்தை எப்போது பிரயோகிக்கிறார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. காரணம் தெரியாதபோதுதான். பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் கேட்ட கேள்வி உட்காரவில்லை. அது நம் மனத்தில் நின்றுகொண்டே இருந்தது. கோடை விடுமுறையில், டிரெஸ்டனில் உத்தியோகம் பார்க்கும் நம் மருமானுடன் பதினைந்து நாட்கள் தங்கும்படியான சந்தர்ப்பம் வாய்த்தபோது, "முதலில் கெர்லிட்ஸ், மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லிவிட்டோம்.

"அங்கே என்ன மாமா இருக்கிறது? பழைய வீடுகள்தானே?" என்றான் அவன்.

"பழைய வீடுகளைப் பார்க்கத்தான் போகிறோம். புதிய வீடுகள் நம் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன" என்றோம்.

ரயில் பிரயாணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வழியில் பௌட்ஸன் என்னும் ஊரில், ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இரண்டு பாஷைகள் காணப்பட்டன. ஒன்று ஜெர்மன். மற்றொன்று ஸோர்பியர் என்னும் சிறு ஸ்லாவிய இனத்தாரின் பாஷை. ஜெர்மனிக்குள்ளேயே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வசித்து வரும் ஜனங்கள் அவர்கள். எல்லைப் பிரதேசத்துக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

கெர்லிட்ஸ் ஜெர்மனியின் கிழக்குக் கோடி. அதற்குக் கிழக்கே அந்தத் தேசத்தில் வேறு பட்டணம் கிடையாது. நைஸே என்னும் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் போலந்து. 1071-ம் வருஷத்திய அரசர் சாஸனம் ஒன்றில் இந்த ஊரின் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. மேற்கு ஐரோப்பாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் இணைத்த 'ராஜபாட்டை' என்னும் வர்த்தக மார்க்கம் இதன் வழியாகத்தான் சென்றது. சுற்றுப்புறத்து ஆறு நகரங்கள் 1346-ல் ஒன்று சேர்ந்து, வழிப்பறிக்காரர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள ஒரு சங்கம் ஏற்படுத்தின. அவற்றில் செல்வத்திலும் செல்வாக்கிலும் மிஞ்சியது கெர்லிட்ஸ்.

பூகோள சாஸ்திரத்தில் பிரியமுள்ள நேயர்களுக்கு ஒரு விஷயம். கிழக்கு 15-வது தீர்க்கரேகை இந்த ஊருக்குள்ளேயே செல்கிறது. மத்திய ஐரோப்பா தன் கடிகாரத்தை வைத்துக்கொள்வது இந்த ரேகையின் கணக்கைக் கொண்டுதான். நம் தேசத்துக் கடிகாரத்துக்கு ஆதாரம் 82½-வது ரேகை. வித்தியாசம் 67½ டிகிரி. டிகிரிக்கு 4 நிமிஷம் வீதம் பெருக்கினால் நாலரை மணி. கோடையில் அவர்கள் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால் மூன்றரை மணியாகிறது. ரேகை செல்லும் இடத்தில் ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். நாமும் அதைத் தொட்டுப் பார்த்தோம். ஐரோப்பாவின் நேரம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

ஸ்டேஷனிலிருந்து வடக்கே நடந்தால், நூறு வருஷத்துக்கு முற்பட்ட அகன்ற வீதிகள் முதலில் வருகின்றன. 1913-ல் திறக்கப்பட்ட ஒரு பெரிய ஜவுளி மாளிகை அங்கே நிற்கிறது. கண்ணாடிக் கூரையும், வளைந்து ஏறும் படிக்கட்டுகளும், தூங்கும் விளக்குகளுமாக ஓர் அரண்மனைதான். 2009-ல் கடையை மூடிவிட்டார்கள். பிறகு 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' என்னும் சினிமாப் படத்துக்கு இதையே ஹோட்டலாக ஜோடித்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் 2014-ல் உலகமெல்லாம் ஓடிற்று. பழைய காலத்து ஐரோப்பா வேண்டுமென்றால் சினிமாக்காரர்கள் இந்த ஊருக்குத்தான் வருகிறார்களாம். காகிதத்தாலும் அட்டையாலும் செட்டுப் போட வேண்டிய அவசியமில்லை, ஊரே செட்டு!

இன்னும் வடக்கே போகப் போக வருஷங்கள் பின்னோக்கிப் போகின்றன. மேல்சந்தைச் சதுக்கத்தைத் தாண்டி ஒரு குறுகிய தெருவில் இறங்கினோம். தெரு முனையில் 'ஷேன்ஹோஃப்' என்னும் மாளிகை. 1525-ல் ஒரு பெருந்தீ ஊரின் ஒரு பகுதியை விழுங்கியது. அடுத்த வருஷமே வெண்டல் ராஸ்காப் என்னும் சிற்பி இதைக் கட்டினார். இத்தாலியில் தோன்றிய மறுமலர்ச்சிக் காலத்துப் பாணியில் ஜெர்மானியப் பட்டணத்து வாசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட மிகப் பழைய வீடுகளில் இது ஒன்று. இப்போது ஸைலீஷியா மாகாணத்தின் சரித்திரக் காட்சிசாலையாக இருக்கிறது.

இதை அடுத்துள்ள கீழ்ச்சந்தைச் சதுக்கந்தான் ஊரின் இருதயம். அங்கே வரிசையாக நிற்கும் வியாபாரிகளின் வீடுகளுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். வெளியே சாதாரண வாசல்; உள்ளே நுழைந்தால், பாரவண்டி போகும்படியான பிரம்மாண்டமான கூடம். சரக்கு அப்படியே உள்ளே வந்து இறங்கும். நடுவில் மேலிருந்து வெளிச்சம் விழும் உயர்ந்த முற்றம். அதைச் சுற்றி மாடிப்படி ஏறுகிறது. கீழே நிலவறை. இந்த வீட்டுக்காரர்களுக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சும் உரிமையும் உண்டு. அந்த உரிமை மனிதனுக்கு அல்ல, வீட்டுக்கு! வீட்டை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும். வியாபாரமும் வாசமும் ஒரே கூரையின்கீழ் நடந்த காலம் அது.

நகரசபை மண்டபத்து வாசலில் வளைந்து ஏறும் ஒரு கற்படிக்கட்டு இருக்கிறது. அதுவும் ராஸ்காப் செய்த வேலைதான், வருஷம் 1537. படியின் முனையில் ஒரு தூணின்மேல் நீதி தேவதை, கையில் வாளும் தராசுமாக நிற்கிறாள். ஆனால் கண்ணைக் கட்டவில்லை. "இதென்ன மாமா, நீதி தேவதைக்குக் கண் தெரியக் கூடாதே?" என்றான் மருமான். பரீட்சை மேற்பார்வை செய்து பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு நடக்கிறது!

மண்டபத்துக் கோபுரத்தில் கடிகாரம். அதன் முகத்தில் செதுக்கிய மனிதத் தலை ஒன்று நிமிஷத்துக்கு ஒரு முறை வாயைத் திறந்து மூடுகிறது. அதை நாம் சற்று அதிக நேரம் நின்று பார்த்தோம். "உங்கள் உத்தியோகந்தான், மாமா" என்று மருமான் சொன்னதை இங்கே வெளியிடாமல் இருந்திருக்கலாம்.

அதே சதுக்கத்தில், 22-ம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு வளைவு. கல்லில் ஓடும் பள்ளத்தருகே ஒரு பக்கம் வாயை வைத்து முணுமுணுத்தால், மறுபக்கம் காதை வைப்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறது; நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. நாம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். ஐந்நூறு வருஷத்து ரகசியம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தோம். "மாமா, பசிக்கிறது" என்று வந்தது.

பசியைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஆற்றங்கரைக் கோவிலுக்கு நடந்தோம். கோவிலை ஒட்டி ஒரு பழைய கற்கட்டடம் இருக்கிறது. அதற்கு 'நீலச்சாய வீடு' என்று பெயர் சொல்லலாம். நம் தேசத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உண்மையான உறவு அங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் துணிக்கு நீலம் ஏற்ற, வைட் என்னும் ஒரு செடியின் இலையை அரைத்து, உருண்டை பிடித்து, புளிக்க வைத்துச் சாயம் எடுத்தார்கள். மேற்கிலிருந்து கிழக்கே போகும் இந்தச் சாயச் சரக்கைத் தங்கள் ஊரில் இறக்கி விற்றே தீர வேண்டும் என்ற உரிமையை 1339-ல் கெர்லிட்ஸ் வாசிகள் பெற்றார்கள். நாம் பார்த்த மாளிகைகளில் பல அந்த நீலத்தில் முளைத்தவை. கடல் மார்க்கம் திறந்த பிறகு, நம் நாட்டு அவுரி நீலம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள சாயம் ஒன்றேதான். ஆனால் அவுரியில் அது பன்மடங்கு அதிகம். வைட் வியாபாரிகள் அலறினார்கள். 1577-ல் ஜெர்மன் சாம்ராஜ்யச் சட்டமே நம் அவுரியைப் 'பிசாசுச் சாயம்' என்று தடுத்தது. பிசாசு ஜயித்தது, வைட் மடிந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. 1897-ல் ஜெர்மன் ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்து, நம் அவுரியைச் சாய்த்தது. விலை சரிந்தபோது, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நஷ்டத்தைச் சம்பாரண் குடியானவர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதன் விளைவாக 1917-ல் காந்தியடிகள் அங்கே போய்ச் சேர்ந்ததை நேயர்கள் அறிவார்கள். ஒரு செடியின் இலை எத்தனை ஊர்களை வாழவைத்து, எத்தனை ஊர்களைக் கெடுத்திருக்கிறது!

பேதுரு-பவுல் மாதாகோவில் 1425-க்கும் 1497-க்கும் இடையில் எழுந்தது. உள்ளே ஓர் ஆர்கன் வாத்தியம். எவ்ஜேனியோ காஸ்பரீனி என்பவர் 1703-ல் செய்து முடித்தது. அதன் முகப்பில் பல சூரியன்கள்; ஒவ்வொரு சூரியனைச் சுற்றியும் கிரணங்களைப்போல் குழல்கள். 'சூரிய ஆர்கன்' என்றே அதற்குப் பெயர்.

கோவில் படியிலிருந்து இறங்கினால் நேரே பாலம். இங்கேதான் நம் பையனுடைய கேள்விக்கு விடையின் முதல் பாகம் கிடைத்தது.

டிரெஸ்டனின்மீது விழுந்ததைப் போன்ற குண்டு மாரி கெர்லிட்ஸின்மீது விழவில்லை. 1945 பிப்ரவரி முதல் ருஷ்யச் சேனை சில மைல் தூரத்தில் வந்து நின்றது. ஊரைக் கோட்டையாகப் பிரகடனம் செய்திருந்தார்கள். தெருத் தெருவாகச் சண்டை நடந்திருந்தால் ஒரு சுவரும் மிஞ்சியிராது. அதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. அந்த மட்டில் நாம் வகுப்பில் சொன்ன அதிர்ஷ்டம் உண்மைதான். ஆனால் மே மாதம் 7-ம் தேதி, ஹிட்லர் மாண்டு ஒரு வாரம் ஆன பிறகு, சரணாகதிக்கு முதல் நாள், பின்வாங்கிய ஜெர்மன் சேனை நைஸே நதியின் பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் பாலங்கள் பிழைத்திருக்கும்!

பாலம் போயிற்று, பிறகு ஊரும் இரண்டாயிற்று. வெற்றி பெற்ற வல்லரசுகள் அந்த வருஷமே நைஸே நதியை எல்லையாக்கின. கீழ்க்கரையிலிருந்த பேட்டை போலந்தைச் சேர்ந்தது. அதற்கு ஸ்கொஜெலெட்ஸ் என்று பெயராயிற்று. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தங்கள் ஊரை இழந்த போலந்து ஜனங்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். கிரேக்க தேசத்து உள்நாட்டு யுத்தத்திலிருந்து தப்பிய ஆயிரக்கணக்கான அகதிகளும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார்கள். கரையோரத் தெருவொன்று இன்றும் கிரேக்கர்கள் பெயரால் வழங்குகிறது. ஆக, அந்தக் கரையில் வீடுகள் பழையவை, மனிதர்கள் புதியவர்கள்.

யாகோப் பேமே என்னும் ஞானியின் நிலை இதைவிட விசித்திரம். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1612-ல் 'அரோரா' என்னும் தத்துவ நூலை எழுதியவர். பாதிரியாரின் கோபத்துக்கு ஆளாகி, 'இனி எழுதாதே' என்று நகரசபையின் தடையுத்தரவும் பெற்றார். 1624-ல் காலமானார். அவர் 1599-ல் வாங்கிக் குடியிருந்த வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில். சமாதி இந்தக் கரையில். மனிதர் வாழ்நாளில் ஆற்றைத் தாண்டியதை ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார். இப்போது அவர் வீடு போலந்தில், எலும்பு ஜெர்மனியில்!

உடைந்த பழைய பாலத்துக்குப் பதில் வேறு பாலம் அந்த இடத்தில் அமைய 59 வருஷமாயிற்று. போலந்து ஐரோப்பிய ஐக்கியத்தில் சேர்ந்த 2004-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி அது திறக்கப்பட்டது. 2007 டிசம்பரில் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது மறுபடியும் பாலத்தில் வேலி முளைத்தது. குடும்பத்தாரும் காதலர்களும் வேலிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மன் சர்க்கார் எல்லையில் திரும்பவும் சோதனை போடத் தொடங்கினார்கள். கட்டின பாலத்தைக் காப்பது கட்டுவதைவிடக் கஷ்டம்போலும்.

நாம் பாலத்தைத் தாண்டினோம். நூறடி நடப்பதற்குள் பாஷை மாறிற்று, நாணயம் மாறிற்று. மருமானின் பசிக்கும் பரிகாரம் கிடைத்தது. உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் பூரணமாக வைத்த பியரோகி என்னும் பலகாரம் வந்தது. வெள்ளைக்காரச் சீமையில் கொழுக்கட்டையைச் சந்திப்போம் என்று நாம் நினைக்கவில்லை. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

திரும்பி இந்தக் கரைக்கு வந்ததும் ஒரு சிறிய காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கசகசாவை அடையடையாக வைத்துச் செய்த கேக் அந்தப் பிரதேசத்துக்குப் பிரசித்தம். பக்கத்து மேஜையில் ஒரு மூதாட்டி இருந்தார். நாம் எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். "உங்கள் ஊர் யுத்தத்தில் தப்பியது பெரிய அதிர்ஷ்டம், அம்மா" என்று மருமான் மூலமாகச் சொன்னோம்.

அவர் சிரித்தார். "யுத்தத்தில் தப்பியது உண்மைதான். அமைதியில்தான் செத்துக்கொண்டிருந்தது" என்றார்.

பிறகு அவர் சொன்னதன் சாராம்சம் இது. கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை சர்க்கார் ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகப் புதிய அடுக்கு வீடுகள் கட்டினார்கள். அவற்றில் வெந்நீர்க் குழாய் உண்டு. கரி அடுப்பு வேண்டியதில்லை. அவர் பிறந்த பழைய வீட்டிலோ மழைக்காலத்தில் மாடியில் ஏழு வாளிகள் வைப்பார்கள். வாடகை சொற்பம், அந்த வாடகையில் யார் கூரையைச் செப்பனிடுவார்கள்? ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. இவர் குடும்பமும் கிளம்பியது. "நாங்கள் செய்ததும் தப்பில்லை. குழந்தைகளுக்கு இருமல்" என்றார். காலியான வீடுகளில் கூரை இடிந்தது, உத்தரம் உளுத்தது. பழைய பேட்டையில் பல வீடுகளை இடித்துத் தள்ளிவிடவும் யோசனை இருந்தது. அதற்குள் 1989-ல் அந்த ஆட்சியே கவிழ்ந்துவிட்டது.

அதன் பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தும் வேலை தொடங்கியது. சர்க்கார் பணம் வந்தது; தச்சர்களும் கொத்தர்களும் கல்வேலைக்காரர்களும் வந்தார்கள். 1995-ல் ஓர் அதிசயம் நடந்தது. பெயர் தெரியாத ஒருவர் பழைய நகரத்தைச் செப்பனிடுவதற்காகப் பத்து லட்சம் மார்க் அனுப்பினார். அடுத்த வருஷமும் அனுப்பினார். நாணயம் யூரோவாக மாறிய பிறகு அதற்குச் சமமான 5,11,500 யூரோ வருஷா வருஷம் வந்தது. தம்மை யாரென்று தேடக் கூடாது, கண்டுபிடித்தால் பணம் நின்றுவிடும் என்பது ஒன்றே நிபந்தனை. 2016 வரையில் இந்தத் தர்மம் நடந்தது. மொத்தம் ஒரு கோடி யூரோவுக்கு மேல். கோவிலுக்கும், மாளிகைக்கும், ஏழை வீட்டுக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அந்தப் பணம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கொடையாளியின் பெயர் இன்று வரையில் ஊருக்குத் தெரியாது. நம் ஊர்க் கோவில்களில் ஒரு குழல் விளக்கைக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதி வைக்கிறவர்களை நாம் நினைத்துக்கொண்டோம்.

இன்று சுமார் 4,000 கட்டடங்கள் அந்த ஊரில் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. எதையாவது காப்பாற்றி வைக்கும் வழக்கம் அந்த ஊருக்குப் புதிதுமல்ல. ஊரின் வடமேற்கே 'புனித சமாதி' என்று ஒரு சிறு ஆலயம் உண்டு. கியோர்க் எம்மெரிக் என்னும் நகரவாசி 1465-ல் ஜெருசலேம் யாத்திரை போய் வந்தார். அங்கே கண்ட ஏசுநாதர் சமாதியைப் போல் ஒன்று பின்னர் அவர் ஊரில் எழுந்தது. அதைச் சேர்ந்த கட்டடங்கள் 1504-க்குள் முடிந்தன. ஜெருசலேத்தில் உள்ள மூலம் 1808-ல் தீப்பட்டு, பிறகு வேறு உருவத்தில் எழும்பிற்று. ஆகவே, பழைய சமாதி எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று இந்த நகலை வந்து பார்க்க வேண்டியிருக்கிறது!

சாயங்காலம் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில், பூங்காவனத்தின் அருகே, யூதர்களின் தொழுகை மண்டபத்தைக் கண்டோம். 1911-ல் முடிந்த கம்பீரமான கட்டடம். 1938 நவம்பர் மாதத்து ஓர் இரவில் நாஜிகள் ஜெர்மனியெங்கும் யூத ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். மற்ற ஊர்களில் தீயணைக்கும் படையார் அக்கம்பக்கத்து வீடுகளை மட்டும் பாதுகாத்துக்கொண்டு, ஆலயம் எரிவதைப் பார்த்து நின்றார்கள். கெர்லிட்ஸிலும் தீ வைத்தார்கள். ஆனால் அந்த ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்து தீயை அணைத்துவிட்டார்கள். அவர்கள் உத்தியோகம் தீயை அணைப்பது, அதைச் செய்தார்கள். கட்டடம் நின்றது.

நேயர்களே, இங்கே நாம் சந்தோஷப்பட்டு முடித்துவிட முடியாது. கட்டடம் நின்றது; அதில் தொழுதவர்கள் நிற்கவில்லை. சிலர் கடல் கடந்தார்கள். மற்றவர்கள் பிடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு பூட்டிய கதவுடன் பல பத்து வருஷங்கள் அந்த மண்டபம் பாழடைந்து கிடந்தது. செப்பனிட்டு, 2021 ஜூலையில் கலை மண்டபமாகத் திறந்தார்கள். மேலே குவிமாடத்தின் அழகைப் பார்த்தோம். கீழே ஆசன வரிசைகளைப் பார்த்தோம். அழகு நெஞ்சை அடைத்தது.

அந்தக் கனத்துடன் வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அழகிய முகப்புகள் நிறைந்த ஒரு தெருவில் நடந்தோம். மருமான், "மாமா, விளக்கை எண்ணுங்கள்" என்றான். எண்ணினோம். மூன்று வீட்டில் விளக்கு, நாலாவது இருட்டு, ஐந்தாவதில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு, ஆறாவது இருட்டு. 1949-ல், அகதிகளும் வந்து சேர்ந்திருந்தபோது, இந்த ஊரில் லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று சுமார் 56,000. வேலையைத் தேடி இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். கூரையெல்லாம் செப்பம், சுவரெல்லாம் வர்ணம். உள்ளே ஆள் இல்லை. 2008 முதல் ஒரு விநோதமான திட்டத்தைச் செய்து பார்த்து வருகிறார்கள். "வாருங்கள், காலி வீட்டில் சிறிது காலம் இருந்து பாருங்கள்; பிடித்தால் குடி வாருங்கள்" என்று வெளியூராரை அழைக்கிறார்கள். கல்லைக் காப்பாற்றிவிட்டவர்கள் இப்போது அடுப்பெரிக்க ஆள் தேடுகிறார்கள்.

ரயிலில் மருமான் தூங்கிப் போனான். நாம் பையனுக்குச் சொல்ல வேண்டிய விடையை மனத்துக்குள் எழுதிப் பார்த்தோம். குண்டு விழாதது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் ஓர் ஊரை ஓர் இரவுக்குக் காக்கும். மறு நாள் காலையில் யாராவது கூரையேறி ஓடு மாற்ற வேண்டும். கூரையேறினவர்கள், தீயை அணைத்தவர்கள், பணம் அனுப்பினவர் என்று பெயர் தெரியாத பலர் தத்தம் வேலையைச் செய்ததால் அந்த ஊர் நிற்கிறது. அது வாழுமா என்பது இனி அங்கே குடியிருக்க வருகிறவர்கள் கையில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பையன் இப்போது பதினோராம் வகுப்பு. நம்மிடம் பாடம் இல்லை. தாழ்வாரத்தில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, "அன்று உனக்குச் சொன்ன பதில் அரைகுறை, அப்பா" என்று ஆரம்பித்து, முழுவதும் சொன்னோம். பையன் கவனமாகக் கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "பணம் அனுப்பினாரே, அவர் யார் ஸார்?" என்றான்.

"தெரியாது" என்றோம்.

இந்தத் தடவை அதுதான் சரியான விடை.